மீண்டும் பூட்டிக்கொள்ளும் விரல்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இன்றும் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்துவரும் ஒரு தாயாரை அண்மையில் சந்தித்தோம். மடங்கி நின்ற வலக்கை மோதிர விரலை மறுகையால் பிடித்து, 'டக்' என்ற ஓசையுடன் நிமிர்த்திக் காட்டினார்.

"போன வருஷம் ஊசி போட்டுச் சுகம் வந்தது, பாதர். ஏழு மாசம் ஒரு குறையுமில்லை. இப்ப திரும்பவும் பூட்டுது. அந்த ஊசி பிழையோ?" என்று கேட்டார்.

ஊசி பிழையல்ல. விரலை மடக்கும் தசைநாண், உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வளையத்தினூடாக ஓடுகின்றது. வளையம் தடித்து இறுகும்போது நாணும் அவ்விடத்தில் வீங்கி முடிச்சுப்போல் ஆகின்றது. முடிச்சு விழுந்த கயிறு கிணற்றுக் கப்பியில் சிக்குவதைக் காணாதவர் எம்மில் யார்? விரலிலும் அதுவே நிகழ்கின்றது. 1850இலேயே நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் இதனை விவரித்திருக்கின்றார்.

ஸ்டெரொயிட் ஊசி வீக்கத்தை வற்றச் செய்யும். பலருக்கு ஒரே ஊசியுடன் காரியம் முடிந்துவிடும். ஆனால் வளையத்தை அது வெட்டித் திறப்பதில்லை. அதனால் சிலருக்குச் சில மாதங்களில், அல்லது ஓராண்டளவில், வருத்தம் திரும்பி வருகின்றது. பல விரல்களில் வந்தவர்களுக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும் இவ்வாறு நேர்வது அதிகம்.

"சீனிக்குக் குளிசை எடுக்கிறனீங்களோ?" என்று கேட்டோம். பத்து வருடமாக எடுக்கின்றாராம். ஊசி போட்ட வைத்தியரிடம் அதைச் சொல்லவில்லை. கிளினிக் கொப்பி வீட்டில் இருந்துவிட்டது. ஊசிக்குப் பின் நாலைந்து நாள் தாகம் தாங்க முடியவில்லை, வெயிலாக்கும் என்று இருந்துவிட்டாராம். வெயிலாகவும் இருந்திருக்கலாம். எனினும் சலரோகக்காரருக்கு இந்த ஊசி சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும். அந்நாட்களில் சீனியைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். வைத்தியரிடம் சொல்லாமல் இந்த ஊசியை ஏற்றிக்கொள்ளவே கூடாது.

இரண்டாவது ஊசி போடலாம். ஆனால் முடிவின்றிப் போட்டுக்கொண்டிருக்க இயலாது. அரிதாகவேனும் நாண் பலவீனமடைந்து அறுவதுண்டு. மற்ற வழி சிறு சத்திரசிகிச்சை. அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, உள்ளங்கையில் சிறிது வெட்டி, வளையத்தைத் திறந்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் இல்லை. அதன்பின் அதே விரலில் மீண்டும் வருவது அரிது.

தாயாரின் கவலை வெட்டைப் பற்றியதல்ல. தையல் பிரிக்கும்வரை, ஏறக்குறைய இரண்டு கிழமை, கை சேற்றிலும் அழுக்குத் தண்ணீரிலும் படக்கூடாது. மண்வெட்டி பிடிக்க அதற்கு மேலும் சில கிழமை செல்லும். சலரோகக்காரருக்குப் புண் ஆறுவதும் தாமதம், கிருமி தொற்றும் ஆபத்தும் கூட. குத்தகைக்காரருக்கு ஒரு போகம் தவறினால் கடன்தான். சத்திரசிகிச்சை அவசரமானதல்ல என்பதால், வெங்காயம் கிண்டி முடிந்தபின் திகதி கேட்கும்படி கூறினோம்.

அதுவரை இரவில் விரலை நீட்டிக் கட்டிவைக்கச் சிறு மட்டை போதும். சிலருக்கு அதுவே பூட்டைக் குறைக்கும். விரலை வலிந்து இழுத்து நெட்டி முறிப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னோம். அயலவர் ஒருவர் தினமும் அதைச் செய்து கை வீங்கியிருந்தது. கணவர் மண்வெட்டிப் பிடியில் பழஞ்சீலை சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்திருக்கின்றார். இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்று தாயார் சொன்னார். அடுத்த செவ்வாய் கிளினிக்குக்குப் போகின்றார். கொப்பி இப்போது பையிலேயே இருக்கின்றது.