ஓய்வுபெற்ற ஆட்டக்காரனும் பேச்சுரிமையும்

ஆட்டக்காரன் ஓய்வு பெறும்போது உடல்தான் மைதானத்தை விட்டுப் போகிறது. பிம்பம் போவதில்லை. முன்பெல்லாம் அந்தப் பிம்பம் பத்திரிகைக்காரர் கையிலும் வர்ணனையாளர் வாயிலும் இருந்தது. ஆடியவன் பேசுபொருள், பேசுகிறவன் வேறொருவன். இணையத்தில் இந்த ஏற்பாடு குலைந்துவிட்டது என்கிறார்கள். சரி, யாருக்குக் குலைந்தது?

ஜப்பானியக் கால்பந்து வீரர் ஹிடெடோஷி நகாட்டா 1998, 2002, 2006 என மூன்று உலகக் கோப்பைகளில் ஆடியவர். தன் நாட்டுப் பத்திரிகைகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 2006 ஜூலையில், 29 வயதில், ஓய்வை அவர் அறிவித்தது தன்னுடைய சொந்த இணையதளத்தில். நிருபர்கள் அதைப் படித்துத்தான் செய்தி எழுத வேண்டியிருந்தது. இடைத்தரகன் வாசகனாக மாறிய தருணம் அது எனலாம்.

நம்ம பக்கத்து உதாரணம் ஆர். அஸ்வின். 106 டெஸ்ட், 537 விக்கெட். 2024 டிசம்பர் 18-இல் பிரிஸ்பேனில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வை அறிவித்தார். ஆனால் பேச்சுக்காரர் அஸ்வின் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உருவாகிவிட்டார். 2021 ஜனவரியில் சிட்னியில் தோல்வியைத் தவிர்த்த கதையையும் பிரிஸ்பேனில் ஜெயித்த கதையையும் யூடியூபில் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அறைக்குள் அடைபட்டிருந்த அறிவு அது.

இதன் முக்கியத்துவம் இண்டூர் மாதிரி ஓர் ஊரிலிருந்து பார்த்தால்தான் புரியும். ரப்பர் பந்தைச் சொடுக்கிப் போடுவது சென்னைத் தெருப்பையன்களின் வித்தை. அது டெஸ்ட் ஆட்டத்தில் 'கேரம் பால்' என்ற ஆங்கிலப் பெயரில் புழங்கியது. அதைப் போட்டவரே 'சொடுக்கு பால்' என்று சொல்லும்போது, தர்மபுரிப் பக்கத்தில் பந்து வீசுகிற பையனுக்குத் தன் விரலும் அந்த அறிவில் சேர்த்தி என்று தெரிகிறது. வித்தை புதிதல்ல; அதற்குப் பெயர் வைக்கிற அதிகாரம் கைமாறியிருக்கிறது. ஆனாலும் 2024-இல் வந்த அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. பேச்சு தமிழுக்கு, எழுத்து ஆங்கிலத்துக்கு என்ற பழைய படிநிலை அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகாட்டா பேசியது சொந்த வீட்டிலிருந்து. யூடியூபில் பேசுவது வாடகை வீட்டிலிருந்து. யார் கண்ணில் எது படவேண்டும் என்பதை வீட்டுக்காரன் தீர்மானிக்கிறான். பார்வை எண்ணிக்கைதான் அங்கே வாடகை.

நகாட்டா தன் முடிவைத் தானே எழுதிய அதே 2006-இன் டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன். பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவர் பேச இடமில்லை. பிறகு செங்கல் சூளையில் வேலை செய்தார். அவருக்கும் புகழ் வந்தது. ஆனால் அது அவர் கையில் இல்லாத புகழ்.

ஆக, கருவி எல்லோருக்கும் பொது என்பதாலேயே பேச்சு பொதுவாகிவிடாது. பேசுவதற்கு முன்பே கேட்கப்படத் தகுதியானவன் என்று ஒருவனை நிறுத்தி வைப்பவை படிப்பு, நகரம், சாதி, கிரிக்கெட், ஆண் உடல் ஆகியவை. ஓய்வுபெற்ற ஒருவரைக் கொண்டாடும்போது, ஓய்வு என்ற சொல்கூடக் கிடைக்காமல் களத்தைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.