ஒரு ரயில் நெல்லுக்கு எத்தனை முதுகு?

தஞ்சாவூர் ரயிலடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றால், நெல் வெளிமாவட்டத்துக்குப் புறப்படுகிறது என்று அர்த்தம். '42 வேகன்களில் 2,000 டன் நெல் அரவைக்கு அனுப்பப்பட்டது' என்று மறுநாள் நாளிதழில் நாலு வரி வரும். மூட்டைக்கு 40 கிலோ என்றால் 50,000 மூட்டை. கிடங்கு வழியாக வந்த நெல்லாக இருந்தால், கொள்முதல் நிலையத்தில் அடுக்கி அட்டி போட ஒரு தடவை, லாரியில் ஏற்ற ஒரு தடவை, கிடங்கில் இறக்கி அடுக்க, மறுபடி லாரிக்கு, பிறகு வேகனுக்கு. வண்டி கிளம்புமுன் ஒவ்வொரு மூட்டையும் ஐந்து தடவையாவது ஆள் மேல் ஏறி இறங்கியிருக்கும்.

ஆலையிலும் இதே கதைதான். சுந்தரக்கோட்டையிலும் எருக்கூரிலும் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நவீன அரிசி ஆலைகள் உண்டு. இப்படிப்பட்ட ஆலைகளில் குழியில் கொட்டிய நெல்லை எலிவேட்டர் வாளிகள் அள்ளிக்கொண்டு போகும். ஊறலும் அவியலும் உலர்த்தலும் எந்திரத்தின் பாடு. குழிவரை மூட்டையைக் கொண்டுவருவதும், கடைசியில் 50 கிலோ அரிசி மூட்டையைச் சுமப்பதும் மனிதர்கள். நவீனம் நடுவில் மட்டும் இருக்கிறது.

40 கிலோ ஒரு சுமையா, நாங்கள் குவிண்டால் மூட்டையே தூக்கினோமே என்பார்கள் பெரியவர்கள். பழைய சர்வதேசப் பரிந்துரையும் ஏறக்குறைய அவர்கள் பக்கம்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஆணுக்குப் பரிந்துரைத்த உச்சவரம்பு 55 கிலோ. ஆனால், 1991-இல் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. அதுவும் சுமை உடலை ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது தூக்கினால்தான். தரையிலிருந்து எடுத்தால், அடிக்கடி எடுத்தால் அளவு இன்னும் இறங்கும்.

காரணம் எளிது. குனிந்து எடுக்கும்போது மூட்டை முதுகெலும்புக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தசையோ எலும்பிலிருந்து மூன்று விரற்கடை தூரத்தில். ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமான தராசு போல. குட்டைப் பக்கம் பல மடங்கு இழுத்தாக வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் அடி இடுப்பின் ஜவ்வில் விழுகிறது.

பழைய சாலையோரச் சுமைதாங்கிகளை எழுப்பியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவுக்கு நட்ட இரண்டு கல், மேலே படுக்கையாக ஒன்று. குனியாமலே சுமையை இறக்கி, குனியாமலே ஏற்றிக்கொள்ளலாம். இன்றைய கிடங்கில் அட்டியின் முதல் வரிசை தரையில், கடைசி வரிசை தலைக்கு மேலே. இடுப்பு உயரத்தில் ஒரு மேடை, ஒரு கன்வேயர் பெல்ட் வைப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை.

சுமப்பவருக்குக் கூலி மூட்டைக் கணக்கில். 3 ரூபாய் 25 காசாக இருந்தது 10 ரூபாயானது. உட்கார்ந்தால் வரும்படி இல்லை. 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு' என்றால் எண்ணெய்க் கட்டு, மருந்துக்கடை வலி மாத்திரை, மறுநாள் மறுபடி சும்மாடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்கு இடம் உண்டு. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலில் ஈய நஞ்சும் சிலிகோசிஸும் இருந்தன, இடுப்பு இருக்கவில்லை.

குறுவை நெல்லில் ஒரு பங்கு ஐப்பசி மழையோடுதான் வரும். நனைந்த சணல் சாக்கு கனத்துப்போகும். ஈரப்பதக் கருவி விவசாயியின் நெல்லைச் சோதிக்கிறது, தராசு கழகத்துக்காக நிறுக்கிறது. சுமப்பவருக்காக அந்த மூட்டையை யாரும் மறுபடி நிறுத்துப் பார்ப்பதில்லை.