காப்பீடும் ஆஸ்பத்திரிப் பட்டியலும்

சென்ற மாதம் வடசேரிக்கு அருகில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் மனைவியின் சிகிச்சைக்காக நகைகளை அடகு வைத்துவிட்டு வந்து அமர்ந்திருந்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவரிடம் இருந்தது. அவர் சென்ற தனியார் ஆஸ்பத்திரியும் திட்டத்தின் பட்டியலில் உள்ளதுதான். ஆயினும் அது சேர்ந்திருந்தது எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு மட்டுமே. அம்மையாருக்கு வந்ததோ சிறுநீரகக் கல். "பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று போனோம், ஐயா" என்றார்.

காப்பீடு என்றவுடன் எத்தனை லட்சம் என்று கேட்கிறோம். எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்கு என்று கேட்பவர் அரிது.

மேற்படி அரசுத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரைப் பெற்றது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியம் அரசினுடையது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு கலெக்டர் அலுவலக மையத்தில் பதிந்துகொள்ளலாம். ஆகவே நம் நெசவாளர்களில் பெரும்பாலோருக்குத் தேர்வு செய்ய வேண்டியது திட்டமன்று, ஆஸ்பத்திரியே.

இதில் நம் ஜில்லாவுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். கடும் நோயென்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்கும் பழக்கம், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில், இன்றும் மாறவில்லை. எல்லை மாறியது, கால் மாறவில்லை. களியக்காவிளையைத் தாண்டுமுன், அங்குள்ள ஆஸ்பத்திரி நம் அட்டையை ஏற்குமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது நலம். ஏற்காதெனில், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அச்சிகிச்சை உண்டா என்று முதலில் விசாரிக்கலாம்.

வருமான வரம்பைக் கடந்த ரப்பர், வாழை, தென்னை விவசாயிகளின் நிலை வேறு. கம்பெனி பாலிசிகளுள் சில பிரீமியம் குறைவாக வருகின்றன. காரணம் பெரும்பாலும் பட்டியல் சிறியது என்பதே. பட்டியலுக்கு வெளியே சென்றால் நாமே பணம் கட்டிப் பின்னர் ரசீது காட்டிப் பெறவேண்டும். சிலவற்றில் ஒரு பங்கைக் கழித்தே தருவர். பேச்சுக்கு, பிரீமியத்தில் ரூ. 3,000 மிச்சமென்று கொள்வோம். கழிவு நூற்றுக்கு இருபது. பில் ஒரு லட்சம். மிச்சம் பிடித்த மூவாயிரத்துக்கு இருபதாயிரம் கைவிட்டுப் போகிறது! நாகர்கோவிலில் ஒரே ஓர் ஆஸ்பத்திரியும் சென்னையில் நூறும் உள்ள பட்டியல், தோவாளைக்காரருக்குப் பெரிய பட்டியலாகாது.

2024 ஜனவரி முதல், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் ரொக்கமின்றிச் சிகிச்சை பெற ஓர் ஏற்பாடு வந்துள்ளது. முன்கூட்டித் திட்டமிட்ட சிகிச்சையாயின் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரமாயின் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்கு அறிவிக்கவேண்டும். ஆஸ்பத்திரியும் சம்மதிக்கவேண்டும், ஆதலின் இதையே நம்பியிருத்தல் இயலாது.

கர்நாடகத்தில் 2003-ல் கூட்டுறவு அங்கத்தினர்களுக்காகத் தொடங்கிய யஷஸ்வினி திட்டத்திலும், மாதம் ஐந்து ரூபாய் செலுத்தியவர் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளுக்கே செல்ல முடிந்தது. அங்கத்தினருக்காக இவற்றை விசாரித்துச் சொல்வது சங்கத்துக்குப் புறம்பான வேலையன்று. காரியதரிசிகள் நம் ஜில்லாவின் பட்டியலைச் சிகிச்சை வாரியாக எழுதி, நூல் விலை ஒட்டும் பலகையிலேயே ஒட்டலாம். ஆஸ்பத்திரிகள் சேர்வதும் விலகுவதும் உண்டாகையால், ஒட்டிய தேதியையும் அடியில் குறிக்கவேண்டும்.