நகரும் வீட்டின் பாரம்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போவதே நம்முடைய வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு பயணம் போவோர் அமெரிக்காவில் பல்லாயிரவர் உளர். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் அமைந்த அவ்வண்டியை மோட்டார் ஹோம் என்பர். பெரியவை 40 அடி நீளமும் அதற்கு மேலும் இருக்கும். இத்துணைப் பாரத்தைச் சக்கரங்களுக்கு எங்ஙனம் பகிர்ந்தளிக்கின்றனர் என்பதைச் சிறிது காண்போம்.

மாற்றலாணை பெற்று ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது முற்றும் புதிய செய்தியன்று. நம் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றியபோது, இரும்பு அலமாரியையும் ஆட்டுக்கல்லையும் ஓட்டுநர் அறையை ஒட்டி அடுக்கி, மெத்தை தலையணைகளைக் கடைசியில் திணித்த சுமையாட்களைப் பார்த்திருக்கிறோம். மாட்டுவண்டிக்காரரும் இதனை அறிவார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தாலோ நுகத்தடி மேலெழும்ப, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும்.

பெரிய மோட்டார் வீடுகளில் அடிச்சட்டத்தை ஒரு நிறுவனமும், அதன்மேல் வீட்டை மற்றொரு நிறுவனமும் செய்வதே பெருவழக்கு. ('சேசிஸ்' என்பதை அடிச்சட்டம் என்று பெயர்த்துக்கொண்டோம். எஞ்சினும் அச்சுகளும் அதனுள் அடங்கும் என்பதை நேயர்கள் மனத்திற்கொள்க.) நீளவாட்டில் ஓடும் இரண்டு எஃகு விட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்கு விட்டங்களுமே அதன் முதுகெலும்பு. போர்டு நிறுவனத்தின் எஃப்-53 என்னும் அடிச்சட்டத்தில் எஞ்சின் முன்னே இருக்கும். விலை மிகுந்த டீசல் வண்டிகளில் பின்கோடியில் இருக்கும். இடத்தைப் பெருக்க விரும்பும் வீட்டமைப்போர், அவ்விட்டங்களைப் பின்புறம் நீட்டிப் பற்றவைத்துக்கொள்வதும் உண்டு. தொல்லை பெரும்பாலும் அந்த நீட்சியிலேதான் பிறக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தொலைவு 6 மீட்டர் என்று கொள்வோம். பின்னச்சுக்கு 3 மீட்டர் பின்னால் 200 கிலோ சாமானை வைத்தால், பின்னச்சின்மேல் ஏறுவது 200 கிலோ அன்று, 300 கிலோ. மிகுந்த 100 கிலோ எங்கிருந்து வந்தது? முன்னச்சிலிருந்து வந்தது. பின்னச்சை ஆதாரமாகக் கொண்டு வண்டி முழுதும் கிணற்று ஏற்றம்போல் செயற்படுகிறது. திசை திருப்பும் சக்கரங்களின்மேல் இவ்வாறு பாரம் குறைந்துவிட்டால், பக்கக்காற்று வீசும்போதும் பெரிய லாரி அருகே கடக்கும்போதும் வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்காமல் அலையும்.

இதற்குப் பரிகாரமாக, இயக்கும் பின்னச்சுக்கு அப்பால் மூன்றாவதாக ஓர் அச்சைச் சேர்ப்பர். அது வண்டியை இயக்குவதில்லை, சுமப்பதோடு சரி. காற்றழுத்தத்தைக் கூட்டி அதனை மேலும் சுமக்கச் செய்தால், இயக்கும் அச்சின் பாரம் குறையும்; வண்டியின் வாலைத் தூக்கிப் பிடித்தாற்போல் ஆவதால் முன்னச்சும் சற்றே அழுந்தும்.

வேறொரு வழி கண்டது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். 1973 முதல் 1978 வரை அது செய்த மோட்டார் வீட்டில், எஞ்சினை முன்னே வைத்து, வண்டியை இழுக்கும் வேலையையும் முன்சக்கரங்களிடமே ஒப்படைத்தது. பின்னோக்கி ஓடும் சுழல்தண்டு இல்லாமையால் வீட்டின் தரை மிகத் தாழ்ந்தது. பின்னே பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள், காற்றுப்பைகளின் உதவியோடு பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. நம் எண்ணத்தில் அழகிய தீர்வு அதுவே. ஆயினும் அவ்வண்டி 26 அடிக்குமேல் நீளவில்லை. ஏறத்தாழ 13,000 வண்டிகளே செய்யப்பட்டன. அவற்றைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர்.

அச்சின் மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் டயர் வெடிப்பதுண்டு. சமையலறையும் குளிர்ப்பெட்டியும் ஒரே பக்கம் அமைந்தால் அப்பக்கத்துச் சக்கரம் வரம்பு மீறிச் சுமக்கும்; மற்றது இளைப்பாறும். 1990-க்குப் பின் பரவிய, பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் அறைகள் இக்குறையை மிகுவித்தன. தண்ணீரோ ஓரிடத்தில் நில்லாதது. 300 லிட்டர் நல்ல நீர் என்றால் 300 கிலோ. குளித்துச் சமைத்து முடிப்பதற்குள் அதிற் பெரும்பகுதி வேறோரிடத்துக் கழிவுத்தொட்டிக்குக் குடிபெயர்ந்துவிடும்! ஆதலின் ஆட்களும் தண்ணீரும் பாத்திரங்களும் ஏறிய பின்னரே, ஒவ்வொரு சக்கரத்தின் பாரத்தையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். எந்தப் பக்கம் மிகுதியாகச் சுமக்கிறதோ, அதற்குரிய காற்றழுத்தத்தையே அவ்வச்சின் இருபுறத்து டயர்களுக்கும் வைப்பர்.