பெயின்ட் வாடை போக மாட்டேன் என்கிறதா?

பொங்கலை ஒட்டித்தான் நம்மில் பலர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். அப்போது பார்த்துக் குளிருக்கு ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஈரக் காற்றில் பெயின்ட் மெதுவாகத்தான் காயும்; வாடை வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

மழையால் எங்கள் வீட்டு வேலை தள்ளிப்போய், மகள் தலைப்பிரசவத்துக்கு வரும் சமயத்தில்தான் முடிந்தது. அவள் அறையின் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் எனாமல். எட்டு நாளாகியும் உள்ளே போனால் கண் எரிச்சல், தலைவலி. ஆஸ்துமாக்காரரான மாமியார் அந்தப் பக்கமே வரவில்லை.

"வெங்காயத்தை நறுக்கி வையேன்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "சாம்பிராணி போடும்மா" என்றார் மாமியார். வெங்காயம் ஆவியை வெளியேற்றாது. சாம்பிராணியோ வாடையை வாடையால் மூடும், புகையும் சேரும்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கலப்பது. வாடை சீக்கிரம் குறையும். எனாமலில் டர்பன்டைன் போன்ற கரைப்பான் உண்டு. அது ஆவியான பிறகும், எண்ணெய்ப் பசை ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகும்வரை வாடை வரும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் முழுக்கக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதற்கு மருந்து காற்றோட்டமும் வெப்பமும்தான்.

நாங்கள் செய்தவை:

* வெயில் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தோம். ஒன்றில் டேபிள் ஃபேனை வெளிப்புறம் பார்த்து வைத்தோம். சீலிங் ஃபேன் மட்டும் போட்டால் அதே காற்றுதான் சுற்றும்.

* அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணி வைத்தோம். வாடை மற்ற அறைகளுக்குப் பரவவில்லை.

* அலமாரி, இழுப்பறைகளைத் திறந்தே வைத்தோம். மெத்தை, தலையணை, திரைச்சீலை வெயிலுக்குப் போயின.

* மிச்சப் பெயின்ட், டர்பன்டைன் டப்பாக்களை இறுக மூடி வெளியே வைத்தோம். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். அதனால் வெளியே விரித்துக் காயவைத்தோம்.

* பால், வெண்ணெயை மூடியே வைத்தோம். அவை வாடையை இழுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் மகள் வரும் நாளில் வாடை முழுக்கப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் தங்கை வீட்டில் தங்க வைக்கலாம் என்றேன். "தாய் வீடு இருக்க அங்கே எதுக்கு? சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பாங்க?" என்றார் இவர். சம்பந்தியம்மாவுக்கே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "குழந்தை முக்கியமா, ஊர்ப் பேச்சு முக்கியமா?" என்று கேட்டார், பாருங்கள்! நல்ல நாளை மாற்றாமல் மகளை நேரே சித்தி வீட்டில் இறக்கினோம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ராத்திரி முழுக்க அறையைச் சாத்தி வைத்து, காலையில் தங்கையை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு வாடை பழகிவிடும்; வெளியிலிருந்து வருபவர் மூக்கைத்தான் நம்ப வேண்டும். "ஒண்ணுமில்லை அக்கா" என்ற பிறகுதான் மகள் வந்தாள்.

இன்னொன்று: வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டைச் சுரண்டும்போது கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வீட்டிலேயே இருக்கக் கூடாது. ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வாடையால் மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து டாக்டரிடம் காட்டுங்கள். பிரசவம் எதிர்பார்க்கும் வீடானால், பெயின்ட் வேலையை வெயில் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது.