எலக்ட்ரிக் கிட்டார் ‘கரகர’ப்பது ஏன்? உள்ளே இருக்கும் சின்ன சாமான்களின் பெரிய வேலை

ஸ்ரீபெரும்புதூர்:-

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே கார், செல்போன், டயர் தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இந்த வட்டாரத்தில் இசைக்கருவியும் தயாராகிறது என்பது பலருக்கு தெரியாது. ஜப்பானை சேர்ந்த யமஹா நிறுவனத்தின் இசைக்கருவி தொழிற்சாலை 2019-ம் ஆண்டு இங்கு உற்பத்தியை தொடங்கியது. கீபோர்டும், சாதாரண மர கிட்டாரும் இங்கே செய்யப்படுகின்றன.

மர கிட்டாரில் சத்தத்தை பெருக்குவது மரப்பெட்டி தான். கம்பியை தட்டினால் பெட்டி அதிரும், காதுக்கு கேட்கும். மின்சாரமே தேவையில்லை.

கல்யாண வீட்டு மெல்லிசை கச்சேரியிலும், சர்ச் பாட்டு குழுவிலும் தோளில் தொங்குகிற எலக்ட்ரிக் கிட்டார் கதை வேறு. அதில் பெட்டி கிடையாது, பெரும்பாலும் கெட்டியான மரப்பலகை. ஒயரை பிடுங்கி விட்டு வாசித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு கூட சரியாக கேட்காது. சத்தம் முழுக்க முழுக்க உள்ளே இருக்கும் மின்சார சாமான்களை நம்பித்தான் இருக்கிறது.

அதனால் தான் பாதி பாட்டில் சத்தம் ‘கட்’ ஆகிறது. குமிழை திருகினால் கரகரவென்கிறது. உடனே கிட்டாரே போச்சு என்று நினைத்து, வாங்கிய விலையில் கால் பங்குக்கு தள்ளி விடுகிறவர்களும் உண்டு. பழுது பார்த்தால் பல நேரம் சில பத்து ரூபாய் சாமானில் தான் இருக்கும்.

தலைமுடியை விட மெல்லிய கம்பி

கம்பிகளுக்கு அடியில் நீளமாக ஒரு பட்டை தெரியும். அது தான் பிக்கப். காந்தத்தை சுற்றி செம்பு கம்பி சுற்றிய காயில். சைக்கிள் டைனமோ தெரியும் அல்லவா? அதில் காந்தம் சுற்றினால் விளக்கு எரியும். இங்கே காந்தம் சும்மா இருக்கிறது. மேலே இருக்கும் இரும்பு கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது. காயிலில் கொஞ்சூண்டு மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இதனால் தான் நைலான் நரம்பு போட்டால் இந்த பிக்கப்பில் சத்தமே வராது.

காயிலில் 7 ஆயிரம், 8 ஆயிரம் சுற்று கூட இருக்கும். கம்பி தலைமுடியை விட மெல்லியது. சுற்று கூடினால் சத்தம் பலமாகும், ஆனால் ‘கிண்’ என்கிற தெளிவு குறைந்து கனத்த சத்தமாகி விடும். சுற்று குறைந்தால் தெளிவு, பலம் கம்மி. எங்காவது ஒரு சுற்று அறுந்தால் அந்த பிக்கப் ஊமை. அல்லது, கேட்டும் கேட்காத மாதிரி சன்னமாக வரும். மல்டிமீட்டரை ஓம்சில் வைத்து பார்த்தால் தெரிந்து விடும். நல்ல பிக்கப் பொதுவாக 5 ஆயிரம் முதல் 15 ஆயிரம் ஓம்சுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்து விட்டது.

ஒற்றை காயில் பிக்கப்பில் இன்னொரு தொல்லை. டியூப்லைட், பேன் ரெகுலேட்டர், சீரியல் செட் விளக்கு எதையும் விடாமல் பிடித்து ‘உர்ர்’ என்று இரையும். நம் வீட்டு கரண்ட் நொடிக்கு 100 தடவை திசை மாறுவதால் வருகிற இரைச்சல் இது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்தார். இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்து கொண்டு போய்விடும், பாட்டு மட்டும் மிஞ்சும். ஹம்பக்கர் என்று கடையில் சொல்வது இதைத்தான். கொட்டகை முழுக்க சீரியல் செட் தொங்கும் நம்ம ஊர் கச்சேரிக்கு ஹம்பக்கர் தான் லாயக்கு.

பிக்கப் வெள்ளைக்காரன் பாட்டுக்கு மட்டும் தான் என்று நினைக்க வேண்டாம். மறைந்த மாண்டலின் சீனிவாஸ் கர்நாடக இசையை வாசித்தது எலக்ட்ரிக் மாண்டலினில். சாதா மாண்டலினில் தட்டிய சத்தம் சீக்கிரம் அடங்கி விடும், கமகத்தை இழுத்து வாசிக்க நேரம் போதாது. பிக்கப்பும் ஆம்ப்ளிபயரும் சேர்ந்தால் அடங்கப்போகும் அதிர்வும் கூட காதுக்கு கேட்கும். இங்கிருந்து பெங்களூர் சாலையில் போனால் வருகிற ராணிப்பேட்டையில் பிறந்த கிட்டார் பிரசன்னா, கீர்த்தனைகளை எலக்ட்ரிக் கிட்டாரிலேயே வாசிப்பவர்.

குமிழுக்குள் கரி

வால்யூம் குமிழுக்கு அடியில் இருப்பது பழைய ரேடியோவில் இருந்த அதே கன்ட்ரோல் தான். அரை வட்டமாக ஒரு கரிப்பூச்சு, அதன் மேல் தேய்ந்து ஓடும் ஒரு தகடு. ஒற்றை காயிலுக்கு பொதுவாக 250 கிலோ ஓம்ஸ், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம்ஸ் போடுவார்கள். மாற்றி போட்டால் கிட்டார் கெட்டு விடாது, சத்தத்தின் குணம் மாறும். 500-க்கு பதில் 250 போட்டால் கூர்மை குறைந்து மழுங்கலாக கேட்கும்.

முதுகில் ‘ஏ’, ‘பி’ என்று எழுதியிருப்பதையும் பார்க்க வேண்டும். இப்போது வரும் சாமான்களில் ‘ஏ’ என்றால் காதுக்கு ஏற்ப படிப்படியாக சத்தம் ஏறும் ரகம். ‘பி’ போட்டால் குமிழை பாதிக்கு மேல் இறக்கியும் பெரிய வித்தியாசம் தெரியாது, கடைசியில் திடீரென்று விழுந்து விடும். மேடையில் பாடகருக்கு ஏற்ப சத்தத்தை குறைக்க நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி.

கரகர சத்தம் வந்தால் அந்த கரிப்பூச்சில் தூசியோ, ஈரத்தால் வந்த பாசியோ பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை உள்ளே அடித்து குமிழை இருபது, முப்பது தடவை திருகினால் பெரும்பாலும் சரியாகி விடும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் விடுவது வேலைக்கு ஆகாது, இன்னும் தூசி ஒட்டும். பூச்சே தேய்ந்து போயிருந்தால் கன்ட்ரோலை மாற்ற வேண்டியது தான்.

டோன் குமிழோடு ஒரு சின்ன கெப்பாசிட்டர் ஒட்டியிருக்கும். சீலிங் பேனுக்கு 2.5 எம்.எப்.டி. போடுகிறோம். இங்கே 0.022 அல்லது 0.047 போதும். மேலே 223, 473 என்று அச்சடித்திருப்பார்கள். குமிழை இறக்கும்போது கீச்சென்ற சத்தத்தை மட்டும் எர்த்துக்கு தள்ளி விடுவது இதன் வேலை. அளவு கூடினால் சத்தம் இன்னும் மந்தமாகும். பழைய காலத்து கெப்பாசிட்டர் போட்டால் சத்தம் தேனாக ஒழுகும் என்று சொல்லி நூறு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு கெப்பாசிட்டரில் வித்தியாசத்தை காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த காசுக்கு நல்ல ஒயர் வாங்கலாம்.

முதல் சந்தேகம் ஒயர் மேல்

சத்தம் விட்டு விட்டு வந்தால் கிட்டாரை திறப்பதற்கு முன் வேறு ஒயரை மாட்டி பாருங்கள். அதிலும் அதே கதை என்றால் ஜாக். பிளக் சொருகும் ஓட்டையில் உள்ள நட்டு லூஸ் ஆகும். வாசிப்பவர் அப்படியே விட்டு விடுவார். பிளக் சொருகும் போதெல்லாம் ஜாக் முழுசாக சுற்றும், உள்ளே இருக்கும் ஒயர் முறுக்கி அறுந்து போகும். மேடையில் சத்தம் நின்று மானம் போவதற்கு இது தான் வழக்கமான காரணம். முதலிலேயே நட்டை முடுக்கியிருந்தால் செலவே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஜாக், கன்ட்ரோல், கெப்பாசிட்டர் எல்லாமே கிடைக்கும்.

அடுத்தது சால்டரிங். சூடு போதாமல் வைத்த ஈயம் மங்கலாக, உருண்டையாக நிற்கும். அன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து வண்டி குலுக்கலில் விட்டு விடும். 2006 முதல் 2014 வரை இங்கு ஓடிய நோக்கியா ஆலையில் தொடங்கி, இன்றைய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வரை டச்-அப் லைனில் கை வைத்தவர்களுக்கு இதை சொல்லித்தர வேண்டியதில்லை. செல்போன் போர்டை பார்த்த கண்ணுக்கு, நாலு ஒயர், இரண்டு கன்ட்ரோல் உள்ள கிட்டார் பொம்மை மாதிரி.

9 வோல்ட் பேட்டரி போடும் ‘ஆக்டிவ்’ ரகத்தில் இன்னொரு விஷயம். தனியாக சுவிட்ச் இருக்காது, பிளக்கை சொருகினால் பேட்டரி ஓட ஆரம்பித்து விடும். கச்சேரி முடிந்து பிளக்கை எடுக்காமல் வைத்தால் பேட்டரி காலி. சத்தம் சன்னமாகி, உடைந்த மாதிரி கேட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

உயிர் சமாச்சாரம்

கிட்டாருக்குள் ஒரு ஒயர் ஓடி, கம்பிகள் கட்டியிருக்கும் இரும்பு பிரிட்ஜின் அடியில் முடியும். அது எர்த் ஒயர். கம்பியை தொட்டதும் இரைச்சல் குறைந்தால் இந்த ஒயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குறையாவிட்டால் விட்டுப்போயிருக்கலாம்.

இந்த ஒயர் வழியாக கம்பிகளும், ஆம்ப்ளிபயரின் இரும்பு உடம்பும் ஒன்றாகி விடுகின்றன. கம்பியை பிடித்திருப்பவரும் அதோடு சேர்ந்தவர் தான். ஆம்ப்ளிபயரில் கரண்ட் கசிந்து, பிளக்கின் மூன்றாவது பின் உடைக்கப்பட்டிருந்தால் கரண்ட் நேராக விரலுக்கு வரும். மைக் வேறு லைனில் இருந்து அதில் கசிவு இருந்தாலும் ஆபத்து தான். கை கம்பியில், உதடு மைக்கில் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாக பாயும். ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-ம் ஆண்டு மே 3-ந்தேதி வேல்சில் உள்ள சுவான்சீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கை தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 27.

ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் எர்த் கம்பியே அடிக்காமல் விடுவது நம்ம ஊரில் சகஜம். மழை ஈரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆம்ப்ளிபயர், மிக்சர் இரண்டுக்கும் ஒரே இடத்தில் இருந்து லைன் எடுக்க வேண்டும். மூன்று பின் பிளக்கை மாற்றக்கூடாது. லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டால் கசிவு வந்த உடனே கட் ஆகி விடும். வாசிப்பதற்கு முன் மைக் வலையிலும், கிட்டார் கம்பியிலும் டெஸ்டர் வைத்து பார்க்க வேண்டும். எரிந்தால் தொடக்கூடாது. டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக எர்த் இல்லாமல் ஓட்டுவதும் கூடாது. மேடை லைன் மேல் சந்தேகம் இருப்பவர்கள் ஒயர்லெஸ் செட் மாட்டிக்கொள்ளலாம். ஆம்ப்ளிபயருக்கும் கிட்டாருக்கும் நடுவே ஒயரே இல்லாததால் அந்த வழியாக கரண்ட் வராது.