எங்கள் வீட்டுச் சுப்பர் ஹீரோக்கள்

சுப்பர்மேன், ஸ்பைடர்மேன், பேட்மேன் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பெயர்களை அடுக்குவார்கள். புத்தகப் பையில், தண்ணீர்ப் போத்தலில், ரீசேட்டில் எல்லாம் அவர்கள்தான். ஆனால் "நீயே ஒரு சுப்பர் ஹீரோவை உருவாக்கு" என்று சொல்லிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பழைய ஹீரோக்களின் உடுப்புக்கு நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் விஷயம் ஆரம்பமாகும். கடந்த டிசம்பர் விடுமுறையில் என் தங்கையுடனும் தம்பியுடனும் செய்து பார்த்ததையும், இதைப் பற்றி வாசித்து அறிந்ததையும் இங்கு எழுதுகிறேன். செலவு, ஒரு 80 பக்கக் கொப்பியும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் மட்டுமே.

இப்படி ஒரு குடும்பத்துக்குள் பிறந்து உலகமறிந்த ஹீரோ ஒருவர் இருக்கிறார். அமெரிக்க சித்திரக்கதை ஓவியர் ஈதன் நிக்கோலுக்கு அப்போது 29 வயது. அவருடைய தம்பி மலக்காய்க்கு 5 வயதுதான். 2009 டிசம்பர் விடுமுறையில், விளையாட்டுக் கோடரியைத் தூக்கிக்கொண்டு "நான் கோடரிப் பொலிஸ்" என்று தம்பி ஓடித்திரிந்தான். விளையாட்டில் சேர்ந்துகொண்ட அண்ணனுக்கு ஆயுதம் ஒரு குழல். ஆகவே அவர் குழல் பொலிஸ். அண்ணன் அதை அப்படியே படமாக வரையத் தொடங்கினார். பின்னர் அது புத்தகமாகவும், 2013இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. என்னைக் கவர்ந்தது அந்தப் புகழ் அல்ல, அவர்கள் வேலை செய்த முறை. அண்ணன் கேள்வி கேட்பார், தம்பி பதில் சொல்வான், அந்தப் பதில்தான் கதை. டைனோசரின் இரத்தம் பட்டுக் குழல் பொலிஸ் டைனோசர் வீரனாக மாறினான் என்றால் மாறினான்தான். "அது எப்படி முடியும்?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அதையே சட்டமாக்கினோம். பெரியவர்கள் கேட்கலாம், ஆனால் பதில் சொல்லக் கூடாது. பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். கேட்பதற்கு இது சுலபமாக இருக்கும். ஆனால் உம்மாவுக்கு முதல் நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய சோதனையாக இருந்தது.

தங்கைக்கு 10 வயது. அவள் உருவாக்கியவள் 'தையல் ராணி'. விரல் நுனியிலிருந்து நூல் பாய்ந்து உடைந்த பாலத்தையும் கிழிந்த மீன்வலையையும் தைத்துவிடும். இதில் ஸ்பைடர்மேனின் வாடை அடிக்கிறது என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை. உம்மா வீட்டில் தைத்துக் கொடுப்பவர். "நூல் முடிந்தால் என்ன செய்வாள்?" என்று அவர் கேட்டார். தங்கை யோசித்து, "வீட்டுக்கு வந்து உம்மாக்கிட்ட வாங்கிட்டுப் போவாள்" என்றாள். ஸ்பைடர்மேனுக்கு அப்படி ஒரு கவலை வந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பதிலோடு தையல் ராணி முழுக்க முழுக்க எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். வாப்பா கட்டாரிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி, "இரவில் அவள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள்?" எந்த வாப்பாவுக்கும் அதுதானே கவலை!

கேள்விகளில் மிகவும் பயன் தருவது "அவரால் எது முடியாது?" என்பதுதான். ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய சுப்பர்மேன் 1938இல் வெளிவந்தபோது அவருக்குக் கிரிப்டோனைட் என்ற பலவீனம் இருக்கவில்லை. அது 1943இல் வானொலி நாடகத்தின் வழியாக வந்து, பிறகுதான் சித்திரக்கதைக்குள் நுழைந்தது. எல்லாம் முடிந்தவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாவிட்டால் அடுத்த பக்கத்தைப் புரட்ட ஆசையும் இல்லை. 1939இல் வந்த பேட்மேனுக்கோ அபூர்வ சக்தியே கிடையாது. மூளை, பயிற்சி, பணம், இவ்வளவுதான். (பணமும் ஒரு சக்திதானே என்கிறாள் தங்கை.)

தம்பிக்கு 7 வயது. பேசும்போது அவனுக்குத் திக்கும். அவனுடைய ஹீரோ 'இரும்புக் கொக்கு'. வாவிக்கு மேலே பறக்கும், வெள்ளத்தில் சிக்கிய உழவு இயந்திரத்தை அலகால் தூக்கும், மஃரிப் பாங்கு கேட்டால் இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். "கொக்கால் எது முடியாது?" என்று கேட்டேன். நீண்ட நேரம் நிறம் தீட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டா இறக்கை மடங்கிடும்" என்றான்.

வகுப்பில் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. "பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?" என்று உம்மா நாள் தவறாமல் கேட்பார். "ஒண்டுமில்ல" என்பதுதான் அவன் பதிலாக இருந்தது. (இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுதலாம், பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றான்.) உம்மா உடனே எதையும் தோண்டிக் கேட்கவில்லை. "இறக்கை மடங்கினால் கொக்கு என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டார். "ஒத்தக் கால்ல நிண்டு பத்து வரைக்கும் எண்ணும். பிறகு இறக்கை விரியும்" என்றான். அடுத்த வாரம் உம்மா வகுப்பாசிரியையைச் சந்தித்துப் பேசினார். பட்டப்பெயர் முற்றாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, குறைந்திருக்கிறது.

திக்கிப் பேசும் பிள்ளையின் சொல்லை நாம் முந்திக்கொண்டு முடித்துவைக்கக் கூடாது, அவனே முடிக்கும் வரை பொறுக்க வேண்டும் என்பார்கள். கதை விளையாட்டின் சட்டமும் அதுவாகவே அமைந்தது. கொக்கின் குரலில் பேசும்போது அவனுக்குத் திக்கல் குறைவாக இருப்பதையும் கவனித்தோம்.

2012இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் காது கேட்கும் கருவியை அணிய மறுத்தான். சுப்பர் ஹீரோக்கள் அப்படி எதையும் அணிவதில்லையே என்பது அவன் வாதம். அவனுடைய தாய் மார்வெல் நிறுவனத்துக்கு எழுதினார். அவர்களுடைய வில் வீரன் ஹோக்ஐ ஒரு காலத்தில் அக்கருவியை அணிந்தவன்தான் என்று பதில் வந்தது. 'நீலக் காது' என்ற புதிய ஹீரோவையும் ஓவியர்கள் அவனுக்காகவே வரைந்தார்கள். நிறுவனம் செய்ததை ஒரு பென்சிலோடு நாமும் செய்யலாம். மூக்குக்கண்ணாடி, ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் எதுவானாலும் ஹீரோவின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

நம் கல்லூரி மாணவியர் கமலா கானைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நியூ ஜேர்சியில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, மிஸ் மார்வெல் என்ற பெயரில் 2014இல் தனித் தொடராக வந்தாள். பதிப்பாசிரியர் சனா அமானத் தன் சிறுபராயக் கதைகளைச் சக ஊழியரிடம் சொன்னதிலிருந்துதான் அவள் உருவானாள். வீட்டுக் கதைக்கு அவ்வளவு பெறுமதி இருக்கிறது.

வீட்டில் தொடங்க விரும்புவோருக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். அழகாக வரையத் தெரிந்தவர் கையில் பென்சிலைக் கொடுத்துவிடாதீர்கள், சிறியவர் ஒதுங்கிவிடுவார். எழுதத் தெரியாத பிள்ளை சொல்வதை அதே சொற்களில் எழுதிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும்.

எங்கள் கொப்பி இப்போது 31ஆம் பக்கத்தில் நிற்கிறது. கொக்குக்கு ஒரு வில்லன் வந்திருக்கிறான், எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பவன். அவனுக்கும் ஒரு பலவீனம் வேண்டும் என்றேன். தம்பி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்: "இவனோட விளையாட ஆக்கள் இல்ல." அந்தப் பக்கத்துக்கு இன்னும் நிறம் தீட்டவில்லை. சிவப்புப் பென்சில் முடிந்துவிட்டது.